குசினிக் கேள்விகள்: ஈரல் என்று கேட்டால் எந்த ஈரல்?

போன இதழில் ஈரல் பிரட்டல் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் உப்பு, தூள் அளவு கேட்டவர்கள் ஓரிருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் பெயரைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஈரல், குடல், பாபத், போட்டி, சுவரொட்டி என்று ஒரு வீட்டில் சொல்வது அடுத்த வீட்டில் வேறொன்றாக இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் 32 வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். ஒரு நாளாவது இதை வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: ரீச்சர், எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். உங்கள் குறிப்பைப் பார்த்து அரைக் கிலோ ஈரல் வாங்கி வரும்படி அவரை அனுப்பினேன். அவர் கொண்டு வந்தது வெளிறிய சிவப்பில் பஞ்சு மாதிரி இருந்தது. நீங்கள் சொன்னபடி பத்து நிமிடத்தில் இறக்கினேன். மெல்லவே முடியவில்லை. நடுவில் நறுக் நறுக் என்று ஏதோ கடிபட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கல்லடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை, மகள். அவர் தந்ததும் ஈரல்தான், ஆனால் நுரையீரல். பிழை என்னுடையது. குறிப்பில் வெறுமனே ‘ஈரல்’ என்று எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

தமிழில் ஈரல் மூன்று: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். மூன்றும் உடம்பில் செய்கிற வேலை வேறு, சட்டியில் வேகிற விதமும் வேறு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நுரையீரலை ‘சுவாசப்பை’ என்று படித்திருப்பீர்கள். அங்கே ‘ஈரல்’ என்றால் கல்லீரல் மட்டும்தான். புத்தகத்துச் சொல்லோடு கடைக்குப் போனால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

பெயரை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். கல்லீரல் கடும் சிவப்பும் மண்ணிறமும் கலந்தது. வழுவழுப்பாக, கனமாக இருக்கும். கத்தி வைத்தால் அல்வா வெட்டின மாதிரி நேராக விழும். மண்ணீரல் ஊதா படிந்த கருஞ்சிவப்பு. ஆட்டில் தட்டையாக, உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். மாட்டில் நீளமாகப் பட்டி மாதிரி வரும். நுரையீரல் வெளிறிய சிவப்பு. கைக்குப் பாரமே தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் அது நுரையீரல். உங்களுக்கு நறுக் என்று கடிபட்டது காற்றுக்குழாயின் குருத்தெலும்பு.

நுரையீரலைப் பத்து நிமிடத்தில் இறக்க முடியாது. பெரிய துண்டாகவே மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்க வேண்டும். நுரை பொங்கி வரும், வர வர அகப்பையால் வழித்து ஊற்றுங்கள். பாதிக்கு மேல் வெந்ததும் எடுத்து ஆறவிட்டு, குழாய்களை நீக்கிவிட்டுச் சின்னச் சின்னதாக வெட்டி, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, றம்பை போட்டுப் பிரட்டுங்கள். மிளகு தூக்கலாக இருந்தால் நல்லது. கல்லீரல் இதற்கு நேர்மாறு. நடுவில் சிவப்பு மறையும்வரை வெந்தால் போதும், அதற்கு மேல் நின்றால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். உப்பைக் கடைசியில் போடுகிறவள் நான். வெட்டும்போது பித்தப்பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது உடைந்து பச்சைத் தண்ணீர் பட்டால் அந்தத் துண்டு கசப்புத்தான், எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்த ஈரக்குலை என்ன என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்தது 1978 சூறாவளிக்கு முந்தின வருடம், கல்யாணமாகி மண்முனைத் துறையில் படகேறிப் படுவான்கரைக்குப் போன பிறகு. சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள் ஊரில் பத்து வீடு சேர்ந்து பங்குக்கு ஆடு அடிப்பார்கள். தொண்டைக்குழாயைப் பிடித்து மேலே தூக்கினால் நுரையீரல், இதயம், கல்லீரல் எல்லாம் ஒரே காம்பில் வாழைக்குலை மாதிரித் தொங்கும். அதுதான் ஈரக்குலை. வாழையிலை விரித்து அதில் பத்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒன்று, மூன்று ஈரலிலும் ஒள்ளுப்பம், குடலில் ஒரு முழம். எந்த வீட்டுக்கும் கூடுதல் குறைச்சல் இல்லை.

அங்கே யாரும் ‘எனக்குக் கல்லீரல் தாங்கோ’ என்று கேட்டதில்லை. எல்லாருக்கும் எல்லாம் வந்ததால் தனித்தனிப் பெயர் தேவைப்படவில்லை. எங்கள் மாமி அத்தனையையும் ஒரே சட்டியில் போட்டார். எது முதலில், எது கடைசியில் என்பது மட்டும் அவர் கைக்குத் தெரியும். நுரையீரலும் குடலும் முதலில் வேகும். இதயம் அதற்குப் பிறகு. கல்லீரல் தலைப்பாலோடு கடைசியில். அந்தக் கறிக்குப் பெயர் ‘ஈரல் குடல் கறி’, அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வொன்றையும் கிலோக் கணக்கில் தனியாக வாங்குகிறோம். பெயர்க் குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் மாமியிடம் போய், ‘இது நுரையீரல் மாமி, நீங்கள் எப்படி ஆக்குவீர்கள்?’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாபத் என்றால் துவாய் மாதிரிப் புசுபுசுவென்று இருக்குமே, அது மட்டும்தான். சம்மாந்துறையிலிருந்து வந்த எங்கள் மச்சி குடலையும் சேர்த்துப் பாபத் என்கிறார். பெருநாளைக்கு இதில் ஒரு வாக்குவாதமே நடந்தது. யார் சொல்வது சரி, ரீச்சர்? (மருதமுனையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் மச்சியைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. காரணம் சொல்கிறேன்.

பாபத் தமிழுமில்லை, சிங்களமுமில்லை. மலாய்ச் சொல். இந்தோனேசியாவில் இன்றைக்கும் இறைச்சிக் கடையில் பாபாத் என்று கேட்டால் மாட்டின் இரைப்பைதான் கிடைக்கும். குடலுக்கு அங்கே உசுஸ் என்று வேறு சொல் இருக்கிறது. ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரத்தை ஆண்ட காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் கொண்டுவந்தார்கள். நம் நாட்டு மலாய்க்காரரின் முன்னோர் அவர்கள்தான். நம் வீட்டுச் சம்பல், தொதல், உடுக்கிற சாரம், கடித்துத் துப்புகிற றம்புட்டான் எல்லாம் அந்த மொழி தந்த பெயர்கள். பாபத்தும் அவற்றோடு வந்ததுதான். கொழும்பில் கொம்பனித்தெருப் பக்கம் பிட்டும் பாபத்தும் என்றால் இன்றைக்கும் தனி மரியாதை. சிங்களவரும் அதைப் பாபத் என்றே சொல்கிறார்கள்.

இந்தச் சொல் இரைப்பையைக் குறித்தே வந்தது. வந்த இடத்தில், வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் ஒரே பாத்திரத்தில் கழுவப்பட்டு ஒரே சட்டியில் வெந்தபோது பெயரும் சேர்ந்து வெந்துவிட்டது. ஒரு வீட்டில் குடலும் இரைப்பையும் எப்போதும் சேர்த்தே ஆக்குவார்கள் என்றால், அந்தக் கறிக்குப் பாபத் என்று பெயர் நிற்பது இயல்புதான். மச்சி கறியின் பெயரைச் சொல்கிறார், நீங்கள் உறுப்பின் பெயரைச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் இடையில் வாக்குவாதம் தேவையில்லை. கடைக்குப் போகிறவர் மட்டும் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடு, மாடு இரண்டும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் இரைப்பை நான்கு அறை. முதலாவது பெரியது, உள்பக்கம் முழுக்கத் துவாய் மாதிரி நார் நாராக இருக்கும். நீங்கள் பாபத் என்று சொல்வது அது. இரண்டாவது தேன்வதை மாதிரிக் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாவது புத்தகத்து ஏடு மாதிரித் தாள் தாளாக வரும். அதைக் கழுவுவதுதான் பெரும் பாடு, ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவில் விரலை விட வேண்டும். நான்காவது வழுவழுப்பானது. வேகும் நேரம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். என் கைக்கு நல்லது இரண்டாவது. கட்டங்களுக்குள் குழம்பு தேங்கி நிற்கும்.

நான் ஆரையம்பதியில் பிறந்தவள். காத்தான்குடிக்கு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அம்மா மாடு தொடமாட்டார். அதை அறிந்து, ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பக்கத்து ஊர் உம்மா ஒருவர் எங்களுக்கென்று ஆட்டுப் பாபத்தைத் தனிச் சட்டியில் ஆக்கிக் கொண்டுவந்து தருவார். சட்டியைத் தரும்போதே, ‘இது ஆடு புள்ள, சட்டியும் வேறதான்’ என்று சொல்லித்தான் தருவார். ஒவ்வொரு வருடமும் சொல்வார். அம்மா அந்தச் சட்டியைத் திருப்பி அனுப்பும்போது வெறுமையாக அனுப்பமாட்டார், எங்கள் மரத்துத் தேசிக்காய் நிரப்பி அனுப்புவார். பாபத் என்ற சொல்லை நான் அந்த உம்மாவிடம்தான் கேட்டேன். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் ‘ஆட்டு வயிறு’ என்போம்.

கழுவும் முறையும் அவர் சொன்னதுதான். கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் எடுத்து, சுண்ணாம்பு தடவி, மழுங்கின கத்தியால் சுரண்டினால் கறுப்புத் தோல் பாய் சுருட்டின மாதிரிக் கழன்றுவரும். மறுகா நாலைந்து தண்ணீரில் அலசி, உப்பும் தேசிக்காயும் போட்டுக் கசக்கி, மஞ்சளோடு ஒரு கொதி கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிட வேண்டும். சுண்ணாம்பு துளியும் மிஞ்சக் கூடாது. இப்போது கடைகளில் வெள்ளையாகக் கழுவியே தருகிறார்கள். வேலை மிச்சம்தான், ஆனால் அளவுக்கு மீறி வெள்ளையாக, மருந்து வாடையோடு இருந்தால் நான் வாங்குவதில்லை.

கேள்வி: அன்ரி, தமிழ்நாட்டுச் சமையல் வீடியோக்களில் ‘போட்டி வறுவல்’, ‘சுவரொட்டி ஃப்ரை’ என்று வருகிறது. சுவரொட்டியைப் பொரிப்பதா? போட்டி என்பது யார் வெல்வது என்பதா? கூட்டாளிகளோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, இங்கே சுவரொட்டி என்றால் தேர்தல் காலத்தில் மதிலில் ஒட்டுகிற தாள்தான். அங்கே ஆட்டின் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர். தமிழ்நாட்டு ஆட்டிறைச்சிக் கடைகளில் தனியாகக் கேட்டு வாங்குவார்கள்.

போட்டி அங்கே ஆட்டுக்குடல், பல இடங்களில் வயிறும் சேர்ந்தது. ஹைதராபாத் பக்கத்திலும் அப்படித்தான். ஆனால் இன்னும் வடக்கே போனால் ஹிந்தியிலும் உருதுவிலும் போட்டி என்பது வெறும் இறைச்சித் துண்டு. அங்கே போட்டி கபாப் என்று கேட்டால் குடல் வராது, எலும்பில்லாத சதைத் துண்டைக் கம்பியில் குத்திச் சுட்டுத் தருவார்கள். அந்தச் சொல் தெற்கே வரும்போது பொருளை மாற்றிக்கொண்டது.

வறுவல், பொரியல் என்ற பெயர்களிலும் கவனம் வேண்டும். அங்கே பொரியல் என்றால் பெரும்பாலும் தாளித்துப் பிரட்டிய மரக்கறி. நமக்குப் பொரியல் என்றால் எண்ணெயில் போட்டுப் பொரித்தது. அவர்கள் ‘சுறாப் புட்டு’ என்பதை மூங்கில் குழலில் தேடினால் கிடைக்காது, அது உதிர்த்துப் பிரட்டின சுறா. அதனால் வீடியோவில் பெயரைப் பார்க்காதீர்கள், சட்டிக்குள் என்ன போகிறது என்று பாருங்கள்.

பந்தயத்தில் யார் வென்றது என்று எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு ஐந்து மாதம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். அம்மம்மா தினமும் ஈரல் சாப்பிடு என்கிறார். சாப்பிடலாமா? (செங்கலடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பெயர்க் கேள்வி இல்லையென்றாலும் இதற்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. கல்லீரலில் இரும்புச் சத்து நிறைய இருப்பது உண்மை. அதே கல்லீரலில் விற்றமின் ஏ மிக அதிகம். கர்ப்ப காலத்தில் அது அளவுக்கு மேல் போனால் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு வரலாம். அதனால் தினமும் வேண்டாம். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகக் குடியுங்கள். கல்லீரலைப் பற்றி மருத்துவமாதுவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அம்மம்மாவின் அக்கறைக்குத் தோடம்பழமும் முருங்கை இலைச் சுண்டலும் போதும்.

கேள்வி: எங்கள் கந்தோரில் கூட வேலைசெய்கிற சிங்களப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்கு ‘பீகுது’ கொண்டுவந்தேன் என்று சொல்லி எனக்கும் எடுத்து வைத்தார். பெயரைக் கேட்டதும் கழுவாத குடல் என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. அது என்ன? (அம்பாறை நகரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கல்லீரல், தங்கச்சி. சிங்களத்தில் சமைக்கிற ஈரலுக்குப் பீகுது என்பார்கள். நம் காதுக்கு அந்த முதல் எழுத்து வேறு மாதிரிக் கேட்கிறது, அவ்வளவுதான். அம்பாறைச் சந்தையில் இந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

நாளைக்கே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் தன் சோற்றுப் பார்சலிலிருந்து எடுத்துத் தந்ததை நீங்கள் மறுத்ததற்குக் காரணம் ஒரு சொல்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை அவர் கொண்டுவந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நம் பிரட்டலுக்கும் அவர்கள் சமைப்பதற்கும் கறித்தூளில் வித்தியாசம் இருக்கும், ருசித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் மட்டக்களப்பு ஆள், இப்போது லண்டனில் ஒரு உணவகத்தில் வேலை. முதல் வாரத்தில் ‘ஸ்வீட்பிரெட்’ என்பதை இனிப்புப் பணிஸ் என்று நினைத்து மேசைக்காரருக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். ‘பிளாக் புடிங்’ கூட இனிப்பில்லையாம். இங்குள்ளவர்கள் ஏன் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்? (லண்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு ஆறுதலாக இருந்தது. குழப்பம் நம் மொழியில் மட்டும் இல்லை.

ஸ்வீட்பிரெட் இனிப்புமில்லை, பாணுமில்லை. இளங்கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் கழுத்துப் பக்கத்துத் தைமஸ் சுரப்பி, அல்லது சதையி. கன்று வளர வளரத் தைமஸ் சுருங்கிவிடும், அதனால்தான் இளம் பிராணியில் எடுக்கிறார்கள். பிளாக் புடிங் என்பது பெரும்பாலும் பன்றி இரத்தத்தையும் கொழுப்பையும் தானியத்தோடு சேர்த்துக் குடலில் அடைத்தது. பழைய ஆங்கிலத்தில் புடிங் என்றாலே குடலில் அடைத்து அவித்த பண்டம்தான், இனிப்புக்கு அந்தப் பெயர் பிறகுதான் போனது. பன்றி சாப்பிடாத கூட்டாளிகள் உங்களோடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் ‘ஹெட் சீஸ்’ என்று ஒன்று உண்டு. அதில் சீஸ் இல்லை, தலை இறைச்சியை அவித்து அதன் பசையிலேயே உறைய வைத்தது.

ஸ்கொட்லாந்துக்காரரின் ஹகிஸ் மட்டும் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. செம்மறியின் இதயம், கல்லீரல், நுரையீரல் மூன்றையும் அவித்துக் கொத்தி, ஓட்ஸ் மாவும் வெங்காயமும் கொழுப்பும் சேர்த்து, அதன் இரைப்பைக்குள்ளேயே அடைத்து அவிப்பார்கள். அந்த மூன்றும் சேர்ந்த குலைக்கு ஆங்கிலத்தில் ‘பிளக்’ என்று பெயர். அதே சொல்லுக்குத் துணிச்சல் என்றும் பொருள் உண்டு. நமக்கு ஈரக்குலை நடுங்குகிறது, அவர்களுக்கு ஈரக்குலை இருந்தால் துணிவு. இரண்டு மொழியும் அச்சத்தையும் துணிவையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதை நினைத்து நான் ஒரு பகல் முழுக்க வியந்துகொண்டிருந்தேன். நுரையீரலுக்கு அவர்கள் ‘லைட்ஸ்’ என்பார்கள், பாரமில்லாதது என்ற பொருளில். அந்தக் கல்லடிப் பிள்ளைக்குத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னேனே, அதே விஷயம். 1971இல் அமெரிக்கா உணவுக்கு நுரையீரல் விற்பதைத் தடைசெய்தது. அதனால் நுரையீரல் சேர்ந்த ஹகிஸை அங்கே கொண்டுபோக முடியாது.

கேள்வி: கணவர் யாழ்ப்பாணம். அவர் ‘இரத்த வறை’ கேட்கிறார். ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் இரத்தம் இல்லை என்கிறார்கள். எங்கே கிடைக்கும்? (வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நம் பக்கத்தில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அறுக்கும்போது ஓடுகிற இரத்தம் அவர்களுக்கு ஹராம். அதை எடுத்துவைக்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். தயவுசெய்து திரும்பத் திரும்பக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அப்படியானால் இரத்தமே உறைந்த மாதிரி இருக்கிற மண்ணீரல் எப்படி விற்கிறார்கள் என்று நான் ஒரு முறை என் முஸ்லிம் சிநேகிதியிடம் கேட்டேன். இரத்தத்தில் இரண்டு மட்டும் ஆகுமானவை, அவை ஈரலும் மண்ணீரலும் என்று நபிமொழி இருப்பதாகச் சொன்னார்.

பங்குக்கு ஆடு அடிக்கிற தமிழ் ஊரில் யாராவது உறவினர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், ஒரு இரவும் வைக்கக் கூடாது. உறைந்ததை அவித்து உதிர்த்து, வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டுவதுதான் வறை. நாம் சுண்டல் என்பதை அவர்கள் வறை என்கிறார்கள். அடிக்கடி முடியாவிட்டால் அவருக்கு மண்ணீரலைக் கொத்தி அதே முறையில் செய்து கொடுங்கள். அது இரத்த வறை ஆகாது என்பார், ஆனாலும் கோப்பையில் மிச்சம் வைக்கமாட்டார்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு. ‘கோழி உணவை அரைக்கும் உறுப்பு எது’ என்ற கேள்விக்குக் கல்லீரல் என்று எழுதினேன். பிழை போட்டுவிட்டார்கள். எங்கள் அம்மம்மா அதைக் கல்லீரல் என்றுதான் சொல்வார், வெட்டினால் உள்ளே கல்லும் இருக்கிறதே! (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மாணவி)

பதில்: சோதனைத் தாளில் ‘அரைவைப்பை’ என்று எழுத வேண்டும், மகள். கல்லீரல் என்பது வேறு உறுப்பு. புள்ளி போனது போனதுதான்.

ஆனால் அம்மம்மாவின் சொல்லை விட்டுவிடாதீர்கள். கோழிக்குப் பல்லில்லை. மண்ணைக் கிளறும்போது சின்னக் கற்களையும் சேர்த்து விழுங்கும். அந்தத் தடித்த தசைப்பைக்குள் கல்லும் நெல்லும் சேர்ந்து அரைபடும். பொரித்த கடைக் கோழி மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கல் தெரியாது. உங்கள் அம்மம்மா ஊர்க்கோழியைத் தன் கையால் வெட்டி, அந்தப் பையைப் பிளந்து, கல்லைக் கொட்டி, உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை ஒரே இழுவையில் உரித்தவர். கண்ணால் கண்டதைப் பெயராக வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கும்முன் காத்தான்குடியில் எனக்கு முப்பது வருடமாக இறைச்சி தருகிற கடைக்காரரிடம் போய், ஒவ்வொன்றுக்கும் சரியான பெயர் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: ‘ரீச்சர், ஒவ்வொரு ஊராளும் ஒவ்வொரு பேர் சொல்லுவாங்க. நான் பேரக் கேக்கிறல்ல. என்ன ஆக்கப் போறீங்க எண்டு கேப்பன். அதுக்கு ஏத்தத வெட்டிக் குடுப்பன்.’ அதுவரைக்கும் நான் கையில் வைத்திருந்த கொப்பியை மூடிவிட்டேன். இனி நீங்களும் கடையில் அப்படியே கேளுங்கள்: பிரட்டலுக்கு வேணும், சூப்புக்கு வேணும், பிட்டோடு சாப்பிட வேணும் என்று.

களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு ஒரு வேலை தருகிறேன். அம்மம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டிலும் கோழியிலும் மீனிலும் அவர் சொல்கிற உள்பக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருக்கும், எதை எறிந்துவிட வேண்டும் என்றும் எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தப் பட்டியலை அப்படியே போடுகிறேன்.